கண்ணெதிரே கறந்த பால்

1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மால்டா தீவிலிருந்து ‘ஜோஷுவா நிக்கல்சன்’ என்ற நீராவிக் கப்பல் புறப்பட்டது. அதில் அறுபதுக்கும் மேற்பட்ட கறவை ஆடுகள் இருந்தன. அமெரிக்க வேளாண் துறை வாங்கிய ஆடுகள் அவை. மால்டா ஆடு நன்றாகப் பால் தரும். அந்த இனத்தைக் கொண்டுபோய்ப் பெருக்கினால், மாடு வளர்க்க வசதியில்லாத வீடுகளுக்கும் பால் கிடைக்கும் என்று அமெரிக்கர்கள் எண்ணினார்கள். பொறுக்கி எடுத்த ஆடுகள். பார்வைக்கு எல்லாமே நல்ல ஆரோக்கியத்துடன் இருந்தன.

கறவை ஆட்டைக் கறக்காமல் விட முடியாது. கடலில் அன்றாடம் கறந்த பாலைக் கப்பலில் இருந்தவர்கள் ஆசையோடு குடித்தார்கள். நடுக்கடலில் புதுப்பால் கிடைப்பது அந்தக் காலத்தில் பெரிய வரம். கப்பல் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தை அடைந்த பிறகு ஒருவர்பின் ஒருவராகப் படுத்தார்கள். பின்னாளில் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே நோய். மால்டா காய்ச்சல். ஆடுகள் வேறொரு கப்பலில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. அங்கே அவற்றைத் தனியே அடைத்து வைத்திருந்த இடத்தில் அந்தப் பாலைக் குடித்த ஒரு பெண்ணுக்கும் அதே காய்ச்சல் கண்டது.

யாரும் திட்டமிட்டுச் செய்த சோதனை அல்ல இது. ஆனால் இதைவிடத் தெளிவான சோதனையை எந்த ஆய்வகமும் மனிதர்களை வைத்துச் செய்திருக்க முடியாது.

மால்டா காய்ச்சல் கொல்வதைவிட வாட்டுவதே அதிகம். மாலையில் சூடு ஏறும்; இரவெல்லாம் வேர்த்துக் கொட்டி, விடியும்போது இறங்கும். சில நாள் விட்டுப்போனது போலிருக்கும், மறுபடி தொடங்கும். மூட்டுகளிலும் இடுப்பிலும் முதுகுத்தண்டிலும் வலி தங்கிவிடும். ஆண்களுக்கு விதை வீங்கும். கருவுற்ற பெண்களுக்குக் கரு கலையவும் கூடும். மாதக்கணக்கில் இழுத்து, ஆளை எலும்பும் தோலுமாக்கிவிட்டுப் போகும். மத்தியதரைக் கடலில் பிரிட்டிஷ் கடற்படைக்கு அப்போது மால்டாதான் தலைமையிடம். அங்கே வந்த சிப்பாய்களும் மாலுமிகளும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் இந்தக் காய்ச்சலில் விழுந்தார்கள்.

நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை 1887இலேயே டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் அறிவித்துவிட்டார். இறந்த சிப்பாய்களின் மண்ணீரலில் அவர் கண்ட அந்த நுண்ணுயிர்க்கு இன்று புரூசெல்லா என்று அவர் பெயரே வழங்குகிறது. ஆனால் அது மனித உடம்புக்குள் எந்த வழியாக வருகிறது என்பது பதினெட்டு ஆண்டுகள் பிடிபடவில்லை. காற்றைச் சந்தேகித்தார்கள். சாக்கடையை, தூசியை, கொசுவைச் சந்தேகித்தார்கள். 1904இல் ஓர் ஆய்வுக் குழுவே அமைக்கப்பட்டது. அதில் உள்ளூர்க்காரரான தெமிஸ்டொக்கிளிஸ் சம்மித் என்ற மருத்துவரும் இருந்தார். தீவின் பழங்காலக் கற்கோயில்களை அகழ்ந்தெடுத்த தொல்லியலாளராகப் பின்னாளில் புகழ்பெற்றவர் இவரே.

1905 ஜூன் மாதம் சம்மித் சில ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார். ஆட்டுக்கு இந்த நோய் வருவதில்லை என்பதே அப்போது எல்லோருடைய நினைப்பும். சோதனைக்கு எடுத்த ஆறு ஆடுகளில் ஐந்தின் ரத்தம், அவை அந்த நுண்ணுயிரை ஏற்கெனவே சந்தித்தவை என்று காட்டியது. தொடர்ந்து தேடியபோது ரத்தத்திலும் பாலிலும் அந்த நுண்ணுயிரே உயிரோடு கிடைத்தது. தீவின் ஆடுகளில் ஏறத்தாழப் பாதிக்குத் தொற்று இருந்தது. பத்தில் ஓர் ஆடு அதைப் பாலில் வெளியிட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆடுகள் இளைக்கவில்லை, பாலும் குறையவில்லை. நிறம், மணம், சுவை எதிலும் வேறுபாடு இல்லை.

மால்டாவில் பால் விற்ற விதத்தை இங்கே சொல்ல வேண்டும். ஆடுகளை மந்தையாகத் தெருவில் ஓட்டி வருவார்கள். வீட்டுக்காரர் பாத்திரத்தோடு வாசலுக்கு வருவார். அவர் கண்ணெதிரே, அவர் பாத்திரத்திலேயே கறந்து கொடுப்பார்கள். தண்ணீர் கலக்க வழியில்லை, பழைய பாலைத் தள்ளிவிட வழியில்லை, இடைத்தரகர் இல்லை. நம் ஊர்த் தெருக்களிலும் மாட்டை வாசலில் கட்டிக் கறந்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அதற்கும் இதே காரணம்தான். ஒரு குடும்பம் பாலைப் பற்றிக் கேட்கக்கூடிய எல்லா உறுதிமொழியும் அந்த வாசலில் கிடைத்தது. நோயும் அங்கேயே கிடைத்தது.

1906இல் படைவீரர்களின் உணவிலிருந்து ஆட்டுப்பால் நீக்கப்பட்டது. டின்னில் வந்த கெட்டிப்பால் அந்த இடத்தைப் பிடித்தது. 1905இல் தரைப்படையில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் படுக்கவைத்த காய்ச்சல், 1907இல் பத்துப் பேருக்கும் குறைவானவர்களையே தொட்டது. புது மருந்தோ தடுப்பூசியோ எதுவும் இல்லை. ஒரு பாத்திரத்தை மாற்றியதோடு முடிந்தது. ஆனால் தீவின் பொதுமக்கள் பழைய வழக்கத்தை விடவில்லை. தலைமுறை தலைமுறையாகக் குடித்த பாலை, அதுவும் தெரிந்த மனிதரின் தெரிந்த ஆட்டுப் பாலை, நோய் என்று சொன்னால் எப்படி நம்புவது? பாலைச் சூடுபடுத்திப் பதமாக்கும் நிலையம் மால்டாவுக்கு வர 1938 ஆயிற்று. அதுவரை நோய் மக்களிடையே நீடித்தது.

அந்தத் தீவு மக்களை அறியாதவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்று சென்னையிலும் கோவையிலும் பாக்கெட் பாலை நிறுத்திவிட்டுப் பண்ணையிலிருந்து கறந்த பாலை வரவழைக்கும் குடும்பங்களிடம் பேசினால் அதே நியாயங்களையே கேட்கிறேன். பாக்கெட்டுக்குள் யார் வீட்டுப் பால் இருக்கிறது என்று தெரியாது. பவுடர் கலந்திருக்கிறார்களா என்று தெரியாது. பண்ணைக்காரரைத் தெரியும், அவர் மாட்டுக்கு என்ன தீவனம் போடுகிறார் என்று தெரியும், பிள்ளைகளை அழைத்துப்போய்க் கன்றுக்குட்டியைக் காட்டியும் வந்திருக்கிறோம். இவை எல்லாம் நல்ல காரணங்கள். உழவருக்கு நேரடியாகப் பணம் போவதும் நல்லதுதான். குழப்பம் அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. ‘அவ்வளவு சுத்தமான பாலை ஏன் காய்ச்ச வேண்டும்? காய்ச்சினால் சத்து போய்விடுமே!’

பாலை யாரிடம் வாங்குவது என்பது ஒரு கேள்வி. அதைச் சூடுபடுத்தாமல் குடிக்கலாமா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு நம்பிக்கை விடையாகலாம். இரண்டாவதில் நம்பிக்கைக்கு வேலையே இல்லை.

ஏன் என்று பார்ப்போம். நோயில்லாத மடிக்குள் இருக்கும் பாலில் நுண்ணுயிர்கள் மிகக் குறைவு. வெளியே வரும் வழியில்தான் சேர்கின்றன. காம்பின் தோல், கறப்பவரின் கை, வால் வீசும்போது தெறிக்கும் சாணம், பாத்திரத்தைக் கழுவிய தண்ணீர் என்று எல்லாமே வாசல்கள். மாட்டின் குடலில் எந்தத் தொந்தரவும் தராமல் வாழும் ஈ-கோலை ஓ157 என்ற நுண்ணுயிரி சாணத்தோடு வெளியேறும். அதில் நூற்றுக்கும் குறைவான உயிரிகள் உள்ளே போனாலே ஒரு குழந்தையை நோயில் தள்ளிவிடும். வயிற்றுப்போக்கில் தொடங்கி, சில குழந்தைகளுக்குச் சிறுநீரகச் செயலிழப்பு வரை போகும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களே அதில் அதிகம் சிக்குகிறார்கள். ஒரு லிட்டர் பாலில் கண்ணுக்குப் புலப்படாத அளவு சாணம் பட்டாலே இதற்குப் போதும். மாட்டுத் தொழுவத்தில் எவ்வளவு கருத்தாக இருந்தாலும் அந்த அளவைத் தடுப்பது கடினம் என்பதைப் பால் கறந்து பழகியவர்களே சொல்வார்கள்.

இரண்டாவது வழி மடிக்கு உள்ளேயே இருக்கிறது. புரூசெல்லா, மாட்டுக் காசநோய்க் கிருமி, மடிநோய்க் கிருமிகள் சில, இவை பாலோடு பாலாகவே சுரக்கின்றன. இங்கே கை கழுவுவதாலும் காம்பைத் துடைப்பதாலும் பயன் இல்லை. பசு நோயின் அடையாளமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கலாம். புரூசெல்லா எல்லா நாளும் பாலில் வெளிவருவதும் இல்லை. இன்று சோதித்தால் இல்லை, அடுத்த வாரம் இருக்கும். ‘எங்கள் மாட்டைச் சோதித்துவிட்டோம்’ என்ற சான்றிதழ் அந்த ஒரு நாளைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

மாட்டுக் காசநோயின் கதை இன்னும் வருத்தமானது. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக், 1901இல் லண்டன் மாநாட்டில், மாட்டின் காசநோய் மனிதருக்குப் பெரிதாகத் தொற்றாது, அதற்காகப் பாலைக் கட்டுப்படுத்த வேண்டியதில்லை என்ற கருத்தைச் சொன்னார். துறையின் மிகப் பெரிய பெயர் அவருடையது. பிரிட்டிஷ் அரசு அமைத்த ஆணையம் பத்தாண்டு ஆராய்ந்து, 1911இல், அது தொற்றும், குறிப்பாகக் குழந்தைகளுக்குப் பால் வழியே தொற்றும் என்று முடிவு சொன்னது. அதற்குப் பிறகும் சட்டம் வரத் தயங்கியது. கழுத்தில் கட்டிகள் புடைக்கும் கண்டமாலை, வயிற்றுக் காசம், எலும்புக் காசம் என்று பிள்ளைகள் படுத்துக்கொண்டே இருந்தார்கள். 1930களில்கூட இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 பேர் மாட்டுக் காசநோயால் இறந்ததாக மதிப்பிட்டார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் 1938இல் எல்லாப் பாலையும் பதமாக்கியே விற்க வேண்டும் என்று சட்டம் செய்தது. டொரன்டோ குழந்தைகள் மருத்துவமனைக்கு மாட்டுக் காசநோயோடு வந்த பிள்ளைகள் காய்ச்சாத பால் குடித்த ஊர்க்காரர்கள் என்று அங்கிருந்த மருத்துவர்கள் காட்டியது அந்தச் சட்டத்துக்கு வலுச் சேர்த்தது.

சுத்தத்தாலேயே இதை வென்றுவிடலாம் என்று நேர்மையாக முயன்றவர்களும் உண்டு. அமெரிக்காவில் நியூவர்க் நகர மருத்துவர் ஹென்றி காய்ட் 1893இல் ‘சான்றளித்த பால்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். அந்தக் காலத்து நகரப் பாலின் நிலை கொடுமையானது. சாராய ஆலைக் கழிவைத் தின்று, வெளிச்சமில்லாத கொட்டில்களில் கிடந்த மாடுகளின் பால் பிள்ளைகளுக்குப் போனது. காய்ட்டின் பண்ணையில் மாடுகளை மருத்துவர்கள் பார்த்தார்கள். கறப்பவர்களையும் பார்த்தார்கள். நுண்ணுயிர் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள். காய்ச்சாத பாலை அதைவிடக் கவனமாக யாரும் கையாண்டதில்லை என்றே சொல்லலாம். நோய் குறைந்தது உண்மை. ஆனால் முற்றாக நிற்கவில்லை. கிருமியைச் சுமந்தும் நலமாக நடமாடும் ஒரு கறவைக்காரர் போதும், ஏற்பாடு முழுவதும் உடைய. விலையோ சாதாரணப் பாலைவிடப் பல மடங்கு. ஏழை வீட்டுக்கு எட்டாது. காய்ட்டின் முயற்சியை நான் மதிக்கிறேன். இன்றைய ‘நம்பிக்கைப் பண்ணை’களில் பெரும்பாலானவை அவருடைய கெடுபிடியில் பாதியைக்கூடக் கடைப்பிடிப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

வெப்பம் செய்யும் வேலை வேறு விதமானது. லூயி பாஸ்டர் 1860களில் சூடேற்றிப் பார்த்தது பாலை அல்ல, கெட்டுப்போகும் ஒயினை. கொதிக்கவிடாமல் மிதமாகச் சூடாக்கினால் கெடுக்கும் உயிரிகள் மடிகின்றன, சுவை தங்குகிறது என்று கண்டார். குழந்தைகளின் பாலுக்கு அதைப் பரிந்துரைத்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் சாக்ஸ்லெட், 1886இல். இன்று பால் பண்ணைகளில் வழங்கும் அளவு இரண்டு. 63 டிகிரியில் அரைமணி நேரம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி. மெல்லிய தகடுகளுக்கு இடையே பால் ஓடும்போதே சூடாகி, உடனே குளிர்ந்தும் விடுகிறது. அட்டைப்பெட்டியில் வந்து மாதக்கணக்கில் வெளியே இருக்கும் பால் வேறு வகை. அது 135 டிகிரிக்கு மேல் சில விநாடி போய் வந்தது.

இந்த எண்களைக் காசநோய்க் கிருமியை மனத்தில் வைத்தே முதலில் வகுத்தார்கள். பிறகு க்யூ காய்ச்சலைத் தரும் காக்ஸியெல்லா அதைவிடச் சற்று அதிகச் சூட்டையும் தாங்குகிறது என்று தெரிந்தபோது, 1956இல் அமெரிக்காவில் அரைமணிக் கணக்கின் வெப்பத்தை ஏறத்தாழ ஒரு டிகிரி உயர்த்தினார்கள். ஒரு டிகிரிக்காக ஒரு நாடே விதியைத் திருத்தியது. தேவைக்கு மேல் சூடாக்கிவிடக் கூடாது என்ற அக்கறையும் அதில் இருக்கிறது. பால் சரியாகப் பதமானதா என்று அறிய ஓர் அழகான வழியும் உண்டு. பாலில் இயல்பாகவே பாஸ்ஃபடேஸ் என்ற நொதி இருக்கிறது. நோய்க்கிருமிகள் சாகும் வெப்பத்துக்குச் சற்று மேலே அது செயலிழக்கும். அது செத்திருந்தால் கிருமிகள் அதற்கு முன்பே செத்திருக்கும். சில சொட்டுப் பாலில், சிறிது நேரத்தில், நிறமாற்றத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

வெப்பத்தின் பெரிய பலம் அதற்கு எதிரியின் பெயர் தெரிய வேண்டியதில்லை என்பதே. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் டெக்சாஸ், கன்சாஸ் மாநிலப் பண்ணைகளில் மாடுகள் தீனி குறைந்து, பால் வற்றி, வந்த பாலும் கெட்டியாகி நின்றன. பறவைக் காய்ச்சல் வைரஸ், எச்5என்1, மாட்டின் மடியில் குடியேறியிருந்தது. அப்படி நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பாலைக் காய்ச்சாமல் குடித்த பண்ணைப் பூனைகள் கண் தெரியாமல், நடை தடுமாறிச் செத்தன. கடைகளில் விற்ற பதமாக்கிய பாலைச் சோதித்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு மாதிரியில் வைரஸின் மரபணுத் துணுக்குகள் இருந்தன. உயிருள்ள வைரஸ் ஒன்றில்கூட இல்லை. நோய் என்னவென்று மருத்துவர்கள் கண்டுபிடிக்கும் முன்பே, அதற்கு வெகுகாலம் முன்பு வேறொரு கிருமிக்காக எழுதிய விதி கோடிக்கணக்கான குழந்தைகளுக்குக் காவலாக நின்றிருந்தது. நுண்ணுயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த உண்மைகளில் இது ஒன்று.

அப்படியானால் சூட்டில் எதையும் இழப்பதில்லையா? இழக்கிறோம். கொஞ்சம். தயாமின், ஃபோலேட், பி12 போன்றவை பதமாக்கும்போது பத்தில் ஒரு பங்கு அளவில் குறையலாம். வீட்டில் பொங்கக் காய்ச்சும்போது இன்னும் சற்றுக் கூடுதலாக. வைட்டமின் சி குறைகிறது, ஆனால் பாலில் அது தொடக்கத்திலேயே சொற்பம். ஒரு நெல்லிக்காயில் இருப்பதற்கு முன் கணக்கில் வராது. கால்சியம், கொழுப்பு, புரதத்தின் உணவு மதிப்பு அப்படியே இருக்கின்றன. ஏ2 பால் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏ2 என்பது பீட்டா கேசின் புரதத்தின் மரபுவழி அமைப்பு. காய்ச்சினால் அது ஏ1 ஆக மாறிவிடாது.

‘பச்சைப் பாலில் நொதிகள் இருக்கின்றன, அவை செரிக்க உதவும்’ என்பது அடிக்கடி கேட்கும் வாதம். பாலிலுள்ள நொதிகள் கன்றின் தேவைக்கும் மடியின் தேவைக்கும் உரியவை. நம் இரைப்பையின் அமிலத்தில் அவை மற்றப் புரதங்களைப் போலவே சிதைந்து உணவாகின்றன. லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் பச்சைப் பாலிலும் இல்லை. பால் ஒத்துக்கொள்ளாத 16 பேருக்கு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பச்சைப் பாலையும் பதமாக்கிய பாலையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். வயிற்று உப்புசத்தில் பச்சைப் பால் எந்த ஆறுதலும் தரவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் எதிர்பார்ப்பு பெரிதாக இருந்ததால் முடிவுக்கும் மதிப்புண்டு.

ஒரு வாதம் மட்டும் அவ்வளவு எளிதில் தள்ளக்கூடியது அல்ல. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாட்டுப்புறங்களில் பண்ணையின் காய்ச்சாத பாலைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்கு ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் குறைவு. ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பார்த்து 2011இல் வெளிவந்த காப்ரியேலா ஆய்வு இதை உறுதியாகவே சொன்னது. தொழுவத்தோடு பழகி வளர்வதன் பலனைக் கழித்துப் பார்த்தாலும் பாலுக்கென்று ஒரு பங்கு மிஞ்சியது. இன்னொன்றையும் கண்டார்கள். அந்தப் பாதுகாப்பு, பாலிலிருந்த நுண்ணுயிர்களின் எண்ணிக்கையோடு பொருந்தவில்லை; சூட்டில் உருக்குலையும் மோர்ப்புரதங்களோடு பொருந்தியது. அதாவது நன்மை உண்மையாக இருக்கலாம், ஆனால் அதற்குக் கிருமி தேவையில்லை. ஆய்வாளர்களே யாருக்கும் பச்சைப் பாலைப் பரிந்துரைக்கவில்லை. நோயை விலக்கிவிட்டு அந்த நன்மையை மட்டும் பிரித்தெடுக்க முடியுமா என்று பார்க்க, மென்மையாகப் பதமாக்கிய பாலைச் சிறு குழந்தைகளுக்குக் கொடுத்து ஒப்பிடும் ஆய்வைப் பவேரியாவில் தொடங்கினார்கள். அதன் வழியில் நல்ல செய்தி வரட்டும். ஒவ்வாமை வரக்கூடும் என்ற அச்சத்தில் இன்று ஒரு குழந்தையின் சிறுநீரகத்தைப் பணயம் வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

இந்த விவாதம் மேற்கில் இவ்வளவு சூடாக நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே பாலை வீட்டில் காய்ச்சும் வழக்கம் இல்லை. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே குடிக்கிறார்கள். ஆகவே பண்ணைப் பால் என்றாலே பச்சையாகக் குடிக்கும் பால் என்றாகிவிடுகிறது. நம் அடுப்படியில் கதை வேறு. பால் வந்ததும் முதல் வேலை காய்ச்சுவது. புது வீட்டுக்குப் போனாலும் முதலில் பால் காய்ச்சுகிறோம். பாக்கெட்டா, சொசைட்டியா, பக்கத்து வீட்டு எருமையா என்று பாராமல் எல்லாப் பாலும் பொங்கி இறங்கும் பழக்கம், பாஸ்டர் பிறப்பதற்கு முன்பே நம் குழந்தைகளைக் காத்திருக்கிறது. அமெரிக்கத் தாய் ஒருத்திக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம். நமக்கு இல்லை. பண்ணைப் பாலையும் வாங்கலாம், பாதுகாப்பையும் வைத்துக்கொள்ளலாம். இந்த வசதியை, எங்கிருந்தோ வந்த பேச்சைக் கேட்டு நாமே கைவிடுவதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

நல்ல நுண்ணுயிர்கள் வேண்டும் என்பவர்களுக்கும் நம் அடுப்படியிலேயே வழி இருக்கிறது. பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி உறை ஊற்றுகிறோம். முதலில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பிறகு தெரிந்த லாக்டிக் அமில உயிரிகளை மட்டும் உள்ளே விடுகிறோம். காலையில் அவை கோடிகோடியாகப் பெருகி, பாலை அமிலமாக்கி, வேறு எதையும் எளிதில் நுழையவிடாத இடமாக்கி வைத்திருக்கின்றன. பச்சைப் பாலில் எந்த நுண்ணுயிர் இருக்கிறது என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். தயிரில் இருப்பது நாம் தேர்ந்தெடுத்தது. சீம்பாலைக்கூட வெல்லமும் ஏலமும் சேர்த்து ஆவியில் வேகவைத்துத்தானே தின்கிறோம்.

காய்ச்சுவதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். கொதி வந்து பொங்கியதும் நோய்க்கிருமிகள் மடிந்துவிடும். கால்மணி நேரம் கொதித்துச் சுண்டத் தேவையில்லை, அதில்தான் சத்து வீணாகிறது. ஆனால் சில பாசில்லஸ் வகைகளின் விதைத்துகள்கள் கொதிநிலையிலும் பிழைக்கும். காய்ச்சிய பாலை நம் வெயிலில் அரைநாள் மேடையில் விட்டால் அவை முளைத்துப் பெருகும். ஆறியதும் குளிர்பதனப் பெட்டிக்குள் போக வேண்டும்; பெட்டி இல்லாத வீட்டில் சில மணிக்கொரு முறை மறுபடி சூடாக்கும் பழைய வழக்கமே சரி.

நம்மிடமும் இடைவெளிகள் இல்லாமல் இல்லை. கறந்த சூட்டோடு நுரையாகக் குடித்தால் பலம் என்று தாத்தாக்கள் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். அபிஷேகத்துக்கு ஊற்றிய பச்சைப் பாலைப் பிரசாதமாகக் குடிக்கிறோம். பெரியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டு, கைக்குழந்தையின் வாயில் வைக்காமலிருப்பது நல்லது. எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது கழுதைப்பால். இன்றும் நம் ஊர்களில் கழுதையை ஓட்டிக்கொண்டு தெருத்தெருவாக வருகிறார்கள். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு, வாசலில் கறந்து, அப்படியே ஒரு சங்கு புகட்டுகிறார்கள். மஞ்சள்காமாலை வராது, சளி பிடிக்காது, குரல் நன்றாக வரும் என்று நம்பிக்கை. மால்டாவின் வாசலில் நடந்தது இதுதான், அதுவும் மிகச் சிறிய உடம்பில். அந்த வயதில் நோயெதிர்ப்பாற்றல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் தேவையில்லை. வீட்டில் பெரியவர்கள் கேட்டால் மென்மையாக, ஆனால் உறுதியாக மறுத்துவிட வேண்டிய சங்கு அது.

கடைசியாக, காய்ச்சுவதால் காப்பாற்ற முடியாத ஒருவர் இருக்கிறார். மாடு வளர்ப்பவர். புரூசெல்லா பாலில் மட்டும் இல்லை. நோய்ப்பட்ட பசு சினைக்காலத்தின் பிற்பகுதியில் கன்று வீசும்போது, அந்தக் கருவிலும் நஞ்சுக்கொடியிலும் கோடிக்கணக்கில் இருக்கிறது. வெறுங்கையால் நஞ்சுக்கொடியை எடுத்துப் புதைக்கும் பெண்ணுக்கு, கன்று ஈனுவதற்குக் கைகொடுக்கும் கால்நடை மருத்துவருக்கு, கையிலுள்ள சிறு கீறல் வழியாகவே நோய் ஏறுகிறது. விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் இடுப்பு வலியும் டைபாய்டு என்றோ மலேரியா என்றோ உழைப்பின் அசதி என்றோ மாதக்கணக்கில் தவறாக எண்ணப்படுகின்றன. கண்டுபிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் ஆறு வாரம் சேர்த்துக் கொடுத்துக் குணமாக்கலாம். மருத்துவரிடம் ‘நான் மாடு வளர்க்கிறேன், போன மாதம் ஒரு மாடு கன்று வீசியது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதி வழி கடந்துவிடும்.

மாட்டிலேயே இதைத் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. கிடாரிக் கன்றுக்கு நான்கிலிருந்து எட்டு மாத வயதுக்குள் ஒரே முறை போட வேண்டும். 2019இல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரி தடுப்பூசியோடு இதையும் இலவசமாகப் போடுகிறார்கள். காதில் 12 இலக்க எண்ணுள்ள தோடு மாட்டி, போட்டதைப் பதிந்தும் வைக்கிறார்கள். உங்கள் வீட்டுக்குப் பால் தரும் பண்ணைக்காரரிடம் என்ன தீவனம் போடுகிறீர்கள் என்று கேட்கும்போது, கிடாரிகளுக்குக் கன்று வீச்சுத் தடுப்பூசி போட்டாகிவிட்டதா, கன்று வீசினால் எடுக்கக் கையுறை இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த முறை பால் பணத்தோடு ஒரு பெட்டி கையுறையையும் கொடுத்துவிட்டு வரலாம்.